பெயரும் புகலும்

சென்னையினின்றும் அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதை வழியில், திருவள்ளூர் மாவட்டத்தின்கண், திருவாலங்காடு என்னும் சிவத்தலம் உளது. ஐம்பெருஞ் சபைகளுள் இரத்தினசபையாய் விளங்குவது இத்தலம். கூத்தப்பெருமான் காளியொடு வாதாடி ஊர்த்துவ தாண்டவம் இயற்றியருளிய இடமென்பது தலவரலாறு. காரைக்காலம்மையார் அப்பெருமான் திருவடிக்கீழ் என்றும் இருந்து பாடும் பேறுபெற்றதும் ஈண்டேயாம். அம்மையார் தலையால் நடந்த ஊரைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் திருஞானசம்பந்தப் பிள்ளையார் அயலூரில் தங்கினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர்.

அம்மையார் வரலாறு சைவவுலகம் நன்கறிந்தது. மாங்கனி நிகழ்ச்சியால் மருண்ட கணவன் பரமதத்தன், வாணிகம் செய்வான்போலக் கலமேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறு மணஞ்செய்து வாழ்ந்தான். சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையிலேற்றி அவன்பால் கொணர்ந்தபோது, அவன் மனைவியோடும் மகளோடும் வந்து அடிவீழ்ந்தான். கணவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியை நீக்கிப் பேய்வடிவு தருமாறு அம்மையார் இறைவனை வேண்டினார், அவ்வாறே பெற்றார். அவ்வடிவினைக் கண்ட மாந்தர் அஞ்சி ஓடினர். கயிலையில் உமையம்மை இவ்வடிவு யாதென வினவ, இறைவன் நம்மைப் பேணும் அம்மை என விடைபகர்ந்து, அம்மையே எனத் தானும் விளித்தருளினான். உலகத்தார் பேயெனக் கண்டு விலகிய ஒருவரை உலகநாயகன் தாய்ப்பெயரால் அழைத்தான் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

இனி, அம்மையாரை இக்காலத்துப் பால்வகுப்புகளுள் ஒன்றன்கண் அடக்கிக் காட்ட முயலுதல் வரலாற்று நெறியன்று. அவர் துறந்தது பெண்மையன்று. பிறர் கண்ணுக்கு இனிதாய் நின்ற உடலழகு. ஆயின், உடலின் புறத்தோற்றம் உலகம் எதிர்பார்த்தவாறு அமையாதார்க்கு இடும் பெயரே அவர்க்குப் புகலாகவோ பகையாகவோ முடியும் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும். பிறந்தபோது ஆணென எழுதப்பட்டுத் தம்மைப் பெண்ணென உணரும் திருநங்கையரும், அதன் மறுதலையாய திருநம்பியரும், ஆண் பெண் இரண்டன் அடையாளமும் விரவிய ஊடுபால் உடலொடு பிறந்தோரும், தம் பாலார்மாட்டே காதல் நிகழும் இயல்பினரும் தமிழ்நாட்டில் என்றும் இருந்தனர். அவர்களுட் பலர் இளமையிற் பள்ளியிலேனும் வீட்டிலேனும் இழிபெயர் கேட்டே வெளியேறினர். அவர்க்குத் தமிழகம் இட்ட பெயர்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் நலம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே இதனை எடுத்துக்கொண்டார். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை. அவை உயர்திணையின் பால்ஈறுகளையே கொண்டு நடக்கும் என்பது அவர் விதி. இவ்விரண்டனையும் ஒரே சூத்திரத்துள் வைத்தமை கருதத்தக்கது. ஆண்மை திரிந்தாரை ஆண்பாற் சொல்லாற் கூறுதல் பொருந்தாது எனப் பின்னரும் ஒரு சூத்திரம் செய்தார். ஒருவர் தாம் நீங்கிய பாலின் சொல்லால் அவரை அழைத்தல் வழு என்பதே இதன் கருத்து.

பின்வந்த பவணந்தியார், பெண்மையை விட்டு ஆண்மையை விழைவாரை ஆண்பாலென்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விழைவாரைப் பெண்பாலென்றும் வகுத்தார். ஒருவர் எப்பாலினர் என்பதற்கு அவரது விழைவே அளவையாயிற்று. ஆயினும் அவரே, இவ்விருவரையும் அஃறிணைபோலக் கூறுதலும் ஆகும் என ஒரு வாயில் திறந்துவிட்டார். உயர்திணைக்கண் உறுதியாய் நின்ற பெயர் நன்னூல் காலத்திற் சிறிது தாழ்ந்தது என்றே கொள்ளல்வேண்டும்.

இலக்கியத்திலும் இவ்விருநிலை உண்டு. மாதவி ஆடிய பதினோராடலுள் பேடியாடலும் ஒன்று. மற்றொருபுறம், திருவள்ளுவர் வீரமும் முயற்சியும் இல்லாமைக்குப் பேடியின் கைவாளை உவமை கூறினார். நாலடியாரோ, முற்பிறப்பிற் பிறர்மனை விழைந்தாரே இப்பிறப்பில் அலியாகி ஆடி உண்பர் என்கின்றது. சமண முனிவர் வாக்காகக் கருதப்படும் அந்நூல் வினைப்பயனைக் கூறப் புகுந்து ஒரு சமூகச் செய்தியையும் உடன் தந்துவிட்டது. அக்காலத்தே அலியென்றாருக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆடி இரந்து உண்டனர் என்பதே அது. கல்வியும் தொழிலும் மறுக்கப்பட்டார்க்கு ஆடலும் இரத்தலும் எஞ்சுதல் எக்காலத்தும் நிகழ்வதே. அங்ஙனம் எஞ்சியதனைப் பழவினையின் சான்றாகக் காட்டுதல் காரியத்தைக் காரணமாகக் கொள்ளும் மயக்கமாம்.

சைவத் திருமுறைகள் இதனை நோக்கிய நோக்கம் வேறு. திருமூலதேவர் கர்ப்பக்கிரியை கூறுமிடத்து, வலமூச்சு மிக்கால் ஆண்மகவும், இடமூச்சு மிக்கால் பெண்மகவும், இரண்டும் ஒத்தால் அலியும் பிறக்கும் என்றார். இஃது இக்காலத்து உடற்கூற்று நூலொடு ஒவ்வாது, ஒவ்வவேண்டுவதும் இல்லை. கருதற்பாலது, அவர் மூன்றனையும் ஒரே இயற்கை முறையால் வைத்து, மூன்றாவதற்கெனத் தனிப்பழி ஒன்றும் கூறாமையேயாம். மணிவாசகப் பெருமானோ இன்னும் மேற்சென்றார். திருவண்டப்பகுதியிலும் திருவெம்பாவையிலும் இறைவனே பெண்ணும் ஆணும் அலியுமாய் நிற்பன் என்று பாடினார். மார்கழித் திங்களிற் சைவர் வீடுதோறும் சிறுமியரும் சிறுவரும் ஓதும் பாட்டில் இச்சொல் இறைவன் திருப்பெயர்களுள் ஒன்றாய் நிற்கின்றது. அதனைக் காலையில் ஓதிய வாயே மாலையில் தெருவிற் செல்வார் ஒருவரை அதே சொல்லால் இகழ்ந்ததும் இந்நாட்டு வரலாறே.

ஈண்டு ஒரு தடை எழும். இறைவனை மூன்று பாலாகவும் கூறுதல் அவன் எல்லாமாய் நிற்றலைக் காட்டுவதன்றி, மக்களுட் சிலரைப் பற்றியதன்று என்பர். உண்மையே. ஆண்டகையாரும் பெண்பாவனையில் நின்று இறைவனைக் காதலித்துப் பாடிய பதிகங்களை ஒருபாற் காதலுக்குச் சான்றாக எடுத்தல் அதனினும் பெருந்தவறாகும். அது பக்தியின் அகத்துறை. ஆயினும், உயிர் ஆணன்று, பெண்ணன்று, அலியுமன்று என்பதும், உடலும் கருவியும் இறைவன் மாயையினின்றும் உயிர்க்குத் தந்த துணை என்பதும் சித்தாந்தத்தின் முடிந்த முடிபு. துணையாகத் தரப்பட்ட ஒன்றினைக் கண்டு அதனையுடைய பிள்ளையைத் தாயும் தந்தையும் வெறுத்தற்குச் சாத்திரத்தில் இடம் யாண்டும் இல்லை.

ஆங்கில ஆட்சி வந்தபின் இழிபெயர் சட்டமும் ஆயிற்று. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்து 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானதென அது கருதிய புணர்ச்சியைக் குற்றமாக்கிற்று. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, அலிகளெனத் தான் பெயரிட்டாரைப் பதிவேட்டில் எழுதவும், அவர் பொதுவிடத்துப் பெண்ணுடை உடுத்து ஆடுதலைத் தண்டிக்கவும் வழி செய்தது. இஃது நடைமுறைக்கு வந்தது வடபுலத்தேயாயினும், அதன் மனப்பான்மை நாடெங்கும் பரந்தது. 377ஆம் பிரிவு 158 ஆண்டுகள் நின்று, வயதுவந்தோர் மனமொத்த வாழ்வைப் பொறுத்தவரை 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றத்து ஐவர் அமர்வால் நீக்கப்பட்டது. கிழக்கத்திய ஒழுக்கம் என்று அதனைப் போற்றியோர், அது விக்டோரியா அரசியார் காலத்து மேனாட்டுச் சரக்கு என்பதனை மறந்தனர் போலும்.

இனி, ஒரு பிள்ளை பெற்ற புகலின் வரலாறு கூறத்தக்கது. மதுரையிற் பிறந்த நடராஜ் என்னும் சிறுவர் தம்மைப் பெண்ணென உணர்ந்தார். அவ்வாறே உணர்ந்த சக்தி என்னும் தோழரொடு கூடி நாட்டியத்தில் வேட்கை கொண்டார். வைஜயந்திமாலாவின் ஆடலைத் திரைப்படத்திற் கண்டு, அவருக்குக் கற்பித்த ஆசானிடமே கற்றல்வேண்டும் எனத் துணிந்தனர் இருவரும். அவ்வாசான், தஞ்சை நால்வர் வழித்தோன்றலாகிய கே. பி. கிட்டப்பா பிள்ளை. அவர் உடனே ஏற்றாரல்லர். ஓராண்டு காத்திருக்கச் செய்தார். பின்னர் ஏற்றுக்கொண்டு, குருகுல முறையிற் பல்லாண்டு கற்பித்து, நர்த்தகி என்னும் பெயரும் இட்டார். கூத்தப்பெருமான் பெயரைப் பெற்றோர் இட்டிருந்தனர். ஆசான் அதன் முன்னர் ஆடுமகள் என்னும் பெயரைச் சேர்த்தார். இரண்டும் ஒன்றாய் நர்த்தகி நடராஜ் என வழங்கலாயின.

கிட்டப்பா பிள்ளை புதுமை நாடிய சீர்திருத்தக்காரரல்லர், மரபின் காவலர். மரபின் காவலர் ஒருவரே இப்பிள்ளையை ஏற்றமை சிறப்பாக நோக்கத்தக்கது. அவர் நோக்கியது தாளமும் அடவும் நிற்கும் உடலையும், கற்கும் உள்ளத்தையும் மட்டுமே. நர்த்தகி நடராஜ் 2019ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருது பெற்ற திருநங்கையருள் அவரே முதல்வர். 2021ஆம் ஆண்டில் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக்கப்பட்டார். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் அவர் வாழ்க்கை இடம்பெற்றது. வீட்டை விட்டு வெளியேறிய ஒருவரின் வரலாற்றைப் பள்ளியிலிருந்தே பிள்ளைகள் படிக்கலாயினர்.

தமிழ்நாட்டரசு இத்துறையில் முற்பட்டு நடந்தது. பாலடையாளங் காரணமாக எவர்க்கும் பள்ளியிலும் கல்லூரியிலும் இடம் மறுத்தலாகாது என 2006 டிசம்பரிலேயே ஆணை பிறந்தது. 2008 ஏப்ரல் 15ஆம் நாள் அரவாணிகள் நலவாரியம் அமைந்தது. அரவான் மனைவியர் என்னும் பொருள்பட, கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவை ஒட்டி எழுந்தது அரவாணி என்னும் பெயர். கணவன் இறந்து தாலியறுத்தலை ஆண்டுதோறும் நினைவூட்டும் அப்பெயரினும், அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி பரப்பிய திருநங்கை என்னும் பெயரே நிலைத்தது. திருமுறை, திருக்கோயில், திருநீறு என்னும் சொற்களில் முன்னிற்கும் அடையே இப்பெயரிலும் முன்னிற்கின்றது. சைவர்க்கு இஃது அயலான சொல்லன்று.

அதே ஏப்ரல் 15ஆம் நாளில், 2014ஆம் ஆண்டு, நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும் உச்சநீதிமன்றத்தில் வழங்கிய தீர்ப்பு, ஒருவர் தம் பாலை தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றது. நன்னூலார் விழைவை அளவையாகக் கொண்டதனை இதனொடு ஒப்பு நோக்குக. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஆண் பெண் அல்லாத பிறர் என 4,87,803 பேர் நாடு முழுதும் எழுதப்பட்டனர். தமிழ்நாட்டில் 22,364 பேர். அவ்வனைத்திந்தியத் தொகையுள் ஆறு அகவைக்கு உட்பட்ட குழவிகள் 54,854. குழவி தானே கணக்கெடுப்பாரிடம் விடை கூறாது. தாயோ தந்தையோ கூறியதே அது. உண்மையை மறையாது எழுதுவித்த பெற்றோரும் இந்நாட்டில் இருந்தனர் என்பதற்கு இவ்வெண் ஒருவாறு சான்றாகும்.

ஊடுபால் உடலொடு பிறக்கும் குழவிக்கு, அஃது அறியாப் பருவத்தே பெற்றோர் விருப்பப்படி அறுவை செய்து ஒரு பாலாக்கும் வழக்கம் மருத்துவமனைகளில் இருந்தது. மதுரைக் கிளை நீதிமன்றத்தில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் இதனைத் தடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், உயிருக்கு இடர் வந்தாலன்றி அத்தகைய அறுவை கூடாது என அரசாணை வந்தது. இந்தியாவில் இதனை முதற்கண் செய்தது தமிழ்நாடே.

திருநங்கையர்க்குப் பெயரும் வாரியமும் கிடைத்தன. தம் பாலார்மாட்டே காதல் கொள்வார்க்கு நல்லதொரு பெயரும் இருந்ததில்லை. 2021ஆம் ஆண்டில் மதுரையைச் சார்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்துப் பெற்றோர்க்கு அஞ்சிச் சென்னை வந்தனர். பெற்றோர் காணவில்லை எனக் காவல்நிலையத்தில் முறையிட்டனர். பெண்கள் பாதுகாப்பு வேண்டி உயர்நீதிமன்றம் புகுந்தனர். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன்னர் வந்தது. அவர் உடனே தீர்ப்புக் கூறவில்லை. இப்பொருளைத் தாமும் முழுதும் அறியாதார் கூட்டத்தவரே என வெளிப்படையாக எழுதி, உளவியல் அறிஞர் ஒருவர்பால் மாணாக்கராய் அமர்ந்து கேட்டறிந்தார். பெற்றோரையும் பெண்களையும் அவ்வறிஞரிடம் அனுப்பினார். பெற்றோர், மக்கள் மணமின்றித் தனித்து வாழ்தலையே மதிப்பாகக் கருதினர். ஊரார் பேச்சுக்கும் மக்களின் பாதுகாப்பின்மைக்கும் அஞ்சினர். அவ்வச்சத்துள்ளும் அன்பு இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. அன்புடையாரும் தம் மக்களைக் காவலர் கையில் ஒப்புவிக்கத் துணியும்படி செய்தது, அயலார் இடும் பெயர்மேல் அவர்க்கிருந்த அச்சமே.

2021 ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறந்தது. வயதுவந்தோர் மனமொத்து வாழ்தல் தெரியின் காணவில்லை என்னும் முறையீட்டை மேலும் துன்புறுத்தாது முடித்துவிடல்வேண்டும் எனக் காவலர்க்குக் கூறியது. இயல்பை மருந்தாலும் சிகிச்சையாலும் மாற்றுதற்கு முயலுதலைத் தடுத்தது. பள்ளி கல்லூரிகளுக்கும் தனியே விதிகள் கூறியது: பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதனை விளக்குதல், பாற்பகுப்பு இல்லாத கழிப்பிடம் அமைத்தல், திருநர் மாணாக்கரின் பெயரையும் பாலையும் சான்றிதழ்களில் மாற்றித் தருதல், விண்ணப்பத் தாள்களில் திருநர் என்பதற்கும் இடம் வைத்தல், இம்மாணாக்கரை ஏற்கும் ஆற்றுப்படுத்துநரை அமர்த்தல் என்பன அவற்றுள் அடங்கும். நீதிமன்றம் தூண்ட, இவர்களைக் குறித்தற்குரிய மதிப்பான தமிழ்ச்சொற்களின் தொகுதியை அரசு 2022ஆம் ஆண்டில் வெளியிட்டது. தொல்காப்பியர் காலந்தொட்டு இலக்கணமுடையார் கூறிவந்த பொருளில் அரசிதழும் ஒரு நூற்பா எழுதிற்று என்னலாம்.

எல்லாம் எளிதில் நடந்தன என்றும் கொள்ளற்க. திருநர் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்துப் பேணுதற்கு ஆசிரியர்க்கென நடுவண் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் 2021 நவம்பரில் வெளியிட்ட கையேடு, எதிர்ப்புக் கண்டு விரைவிலேயே தளத்தினின்றும் நீக்கப்பட்டது. ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் அதுபற்றி வருந்தி எழுதினார். கற்பிக்கவேண்டியவர்க்குக் கற்பிக்கும் நூலையே மறைத்தல் யார்க்கு நன்மை தரும் என்பது விளங்கவில்லை.

இவ்விதிகளின் பயன் எத்தகையது என்பதனைத் திருவாலங்காடு அமைந்த மாவட்டத்தின் மறுகோடியிற் காணலாம். வடகிழக்கே கும்மிடிப்பூண்டியிற் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், பிற மாவட்டத்தாரும் வட மாநிலத்தாரும் வேலைநாடி வந்து குடியேறினர். இத்தகைய ஊரில் வாடகை வீட்டுக் குடும்பத்துக்குச் சுற்றமும் இல்லை, பழகிய தெருவும் இல்லை. தாய்தந்தையர் இருவரும் முறைவேலைக்குச் செல்லின், நாள்தோறும் பிள்ளையின் முகம் நோக்கும் மூத்தோர் ஆசிரியர் ஒருவரே. பிறர் ஏளனத்துக்கு அஞ்சிக் கழிப்பிடம் செல்லாது, அதன்பொருட்டு நீரும் அருந்தாது அமர்ந்திருக்கும் பிள்ளையை முதலிற் காணத்தக்கவரும் அவரே. அவர் வருகைப் பதிவின்போது எப்பெயரால் அழைக்கின்றார், பின்வரிசையிற் சிரிப்பு எழுந்தால் என் செய்கின்றார் என்பதனைப் பிள்ளைகள் அனைவரும் நோக்குவர்.

அப்பிள்ளை ஒன்பதாம் வகுப்பிற் பள்ளியை விட்டால், அடுத்த தெருவிலுள்ள ஆலையிற் பயிற்சி பெறுதற்கும் சான்றிதழ் இராது. முடித்து வெளிவந்தாலும், தாளிலுள்ள பெயர் ஒன்றாகவும் வாயிலில் நிற்பவர் தோற்றம் மற்றொன்றாகவும் இருப்பின் காவலாளி உள்ளே விடான். நாலடியார் கூறிய ஆடி உண்ணும் வாழ்வு இவ்வாறே மீண்டும் தோன்றும். சான்றிதழிற் பெயர் மாற்றும் விதி சிறிதாகத் தோன்றினும் ஒருவரது உணவை அது காக்கின்றது. உயர்கல்வி பயில விழையும் திருநரின் கல்விக்கட்டணத்தையும் விடுதிக்கட்டணத்தையும் அரசே ஏற்கும் என 2024 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கல்லூரி வாயில் வரை வந்தார்க்கே அஃது உதவும். பள்ளியில் இழந்தாரை அது சென்று எட்டாது.

பிள்ளைகளை இவ்வாறு பேசவிடின் பிறரும் அதனைக் கண்டு மாறுவர் என அஞ்சுவார் உளர். திருமூலர் மூச்சின்மேல் வைத்தார். இக்கால மருத்துவம் வேறு காரணங்களை ஆராய்கின்றது. ஒருவரைப் பார்த்து மற்றொருவர்க்கு இவ்வியல்பு ஒட்டும் என இரண்டும் கூறவில்லை. இதனை மாற்றுவதாகக் கூறிச் சிகிச்சை செய்தல் தொழில்முறைத் தவறு என தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டிற் கூறிவிட்டது.

மருத்துவர் மறுத்தபின் பெற்றோர் செல்லுமிடம் யாது? மந்திரவாதியிடம் செல்வாரும் உளர். வேண்டுதல் முடித்துப் பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்து வருவாரும் உளர். பேய் பிடித்தது என்று கூறப்பட்ட பிள்ளை, பேய்வடிவு வேண்டிப் பெற்ற ஒருவரை மூவர் முதலியோர் வரிசையில் வைத்து வணங்கும் சந்நிதியிலேயே வந்து நிற்றல் கூடும். அங்கே திருநீறு கொடுப்பவரும், தேவாரம் ஓதுவாரும், வருவார்க்கு ஆறுதல் கூறும் பெரியோரும் இப்பெற்றோர்க்கு என் கூறுவர் என்பதனைப் பற்றி எச்சட்டமும் பேசவில்லை. 2021ஆம் ஆண்டின் ஆணை காவலரையும், சிறையையும், நீதித்துறையையும், மருத்துவரையும், பள்ளியையும், தொழிலிடத்தையும், பெற்றோரையும் தனித்தனியே சுட்டி ஒவ்வொருவர் கடமையும் வகுத்தது. திருக்கோயில்களுக்கும் மடாலயங்களுக்கும் அதில் ஒரு வரியும் இல்லை.